மின்வேலியோரம் நடந்த உன் ஆட்டைத் திவசம்

மச்சான்,

இன்று காலை சுன்னாகத்துக் கடையின் பின்னறையைத் திறந்தேன். இதரை வாழைக்குலைகளுக்குப் புகை போட்டு மூடி வைத்திருந்த அறை. பழுத்த வாசம் முகத்தில் வந்து அடித்ததுதான் தாமதம், வாசலுக்கு ஓடிப்போய் வாளிக்குள் சத்தி எடுத்தேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன முதலாளி, இந்த வயசிலை விசேசமோ?" என்று பகிடி விட்டார். நானும் சிரித்தேன். வாழைப்பழம் விற்றே வீடு கட்டியவனுக்கு வாழைப்பழ வாசம் ஒத்துவரவில்லை என்று சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்?

உனக்குச் சொன்னால் நம்புவாய். அது பழத்தின் வாசம் அல்ல. போன வருடம் உன் பெயரைச் சொல்லிக் காட்டோரத்தில் நடந்த காரியத்தின் வாசம். இதை உனக்கு வேறு ஒருவரும் சொல்லப்போவதில்லை. அங்கே நின்றவர்கள் எல்லோரும் நல்லது நடந்தது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே நான் சொல்கிறேன்.

நீ போய் ஓராண்டு நிறைகிற நேரம் உன் மகன் கனடாவிலிருந்து மனைவியோடு வந்தான். ஆட்டைத் திவசத்தை வீட்டில் ஐயரை வைத்து முறையாகத்தான் செய்தான். அதோடு விட்டிருந்தால் நான் அவனைக் குறைசொல்ல மாட்டேன். அடுத்த நாள் கடைக்கு வந்து, கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு சொன்னான்:

"மாமா, அப்பாவுக்குக் காடெண்டால் உயிர். கோயிலிலை அன்னதானம் எல்லாரும்தான் குடுக்கினம். நான் மலைநாட்டுக் காட்டிலை யானையளுக்கு அன்னதானம் குடுக்கப்போறன். சரக்கும் லொறியும் நீங்கள் பாத்துத் தாங்கோ."

"உன்ரை அப்பர் யானைக்கு ஒரு தோடம்பழம்கூடக் குடுக்காத மனிசன் தம்பி."

"அதுதான் மாமா. அவர் குடுக்காததையும் சேத்து நான் குடுக்கிறன்."

பிள்ளையின் கண் கலங்கியிருந்தது. நான் மறுத்தால் வேறு எவனாவது அழுகலை ஏற்றி அனுப்புவான். உன் பெயருக்குப் போகிற சரக்கு தரமாகவாவது இருக்கட்டும் என்று வாழைக்குலையும் பூசணியும் பலாப்பழமும் நானே தெரிந்தெடுத்து ஏற்றினேன். லொறி முன்னால் போக, நாங்கள் வான் வண்டியில் பின்னால் போனோம்.

ஊவா மலைகளைத் தாண்டி, தேயிலை முடிந்து காடு தொடங்குகிற அந்த இறக்கம் உனக்கு நினைவிருக்கும். போர் ஓய்ந்து வடக்குப் பாதை திறந்த புதிதில் நாங்கள் இருவரும் வெலிமடைக்கு வெங்காயம் கொண்டுபோய், திரும்பும்போது லீக்ஸும் கரட்டும் ஏற்றிவந்த காலம். லொறி உன்னுடையது, வியாபாரம் என்னுடையது, சண்டை இருவருக்கும் பொது. வழமையான பாதையில் எங்கோ மண் சரிந்ததால் ஒருநாள் சுற்றுவழியாக அந்தப் பக்கம் இறங்கினோம். பொழுது சாயும் நேரம். வளைவு திரும்பினால் நடுத்தெருவில் ஒரு யானை நின்றது.

நீ எஞ்சினை நிறுத்தினாய். விளக்கையும் அணைத்தாய்.

"ஹோனை அடியன் மச்சான், லீக்ஸ் வாடுது" என்றேன்.

"வீட்டுக்காரன் வாசலிலை நிக்கிறான். நாங்கள்தான் வந்த ஆக்கள். பொத்திக்கொண்டு இரு."

எனக்குப் பொறுமை இல்லை. சாப்பிட வைத்திருந்த வாழைப்பழச் சீப்பை எறிந்தால் அது ஓரமாய்ப் போய்விடும் என்று கணக்குப் போட்டுக் கையை ஓங்கினேன். நீ என் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாய். "எறிஞ்சியெண்டால் கையை முறிப்பன். உது கோயில் யானை இல்லையடா. இண்டைக்குத் திண்டால் நாளைக்கு வாற லொறியை மறிக்கும். அதுக்குப் பிறகு வாறவன் வெடியோடை வருவான்." அந்த யானை எங்களைப் பற்றி ஒரு கவலையும் இல்லாமல் ஒரு கிளையை முறித்தது, வீதியோரத்துக் கல்லில் முதுகைத் தேய்த்தது, பிறகு பள்ளத்துக்குள் இறங்கிப் போனது. என் லீக்ஸ் வாடித்தான் போனது. வீடு வரும்வரை அதைச் சொல்லிச் சொல்லி உன்னைத் திட்டினேன். நீ சீழ்க்கை அடித்துக்கொண்டு ஓட்டினாய்.

பிறகு லோட் பிந்துகிற நாட்களில் நீ அந்தக் காட்டிலிருந்த சரணாலயத்துக்குப் போகத் தொடங்கினாய். ஒருமுறை என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். ஒரு விலங்கும் கண்ணில் படவில்லை. அட்டை கடித்ததுதான் மிச்சம். ஓடைக் கரையில் கிடந்த யானை லத்தியைத் தடியால் உடைத்து, மூக்குக்குக் கிட்ட கொண்டுபோய், "மணந்து பாரடா, வெறும் புல்லு வாசம்" என்றாய். பைத்தியக்காரனோடு கூட்டு வியாபாரம் செய்கிறேன் என்று நினைத்தேன். ஆனால் ஓடைத் தண்ணீரை இருவரும் கையால் அள்ளிக் குடித்தோம். அது உண்மை.

இப்போது அந்த ஓடை எப்படி இருக்கிறது தெரியுமா? பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிற சனம் அதற்குள் புரியாணிச் சட்டி கழுவுகிறது. கோழி எலும்பும் பிள்ளைகளின் பம்பர்ஸும் ஒரே கல்லில் தட்டுப்பட்டு நிற்கின்றன. நான் குனியவும் இல்லை, கை நனைக்கவும் இல்லை.

உன் மகன் ஜீப் பிடித்திருந்தான். காலையில் முதலில் காட்டுக்குள் ஒரு சுற்று, மத்தியானம் அன்னதானம் என்பது திட்டம். சாரதி மலையகத் தமிழர், வாய் ஓயாத மனிதர். உள்ளே நுழைந்த கொஞ்ச நேரத்தில் அவருடைய போன் அடித்தது. "சிறுத்தைங்க ஐயா, சிறுத்தை!" என்று கத்திக்கொண்டு ஓட்டினார். எங்களைப் போலவே எல்லா ஜீப்பும் ஓடின. ஒரு பாறையைச் சுற்றி வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. டீசல் புகையில் மரங்களே தெரியவில்லை. ஒருவன் சீழ்க்கை அடித்தான், இன்னொருவன் தண்ணீர்ப் போத்தலைப் பாறைக்கு எறிந்தான். சிறுத்தை வந்ததோ, வந்து எங்களைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டுப் போனதோ, எனக்குத் தெரியாது. எங்கள் சந்தையில் மீன் லொறி வந்து நின்றால்கூடச் சனம் இப்படி விழாது.

திரும்பும் வழியில் லத்தி ஒன்று கிடந்தது. வேண்டாம் என்று நினைத்தும் பார்த்தேன். உடைக்கத் தேவையிருக்கவில்லை. மேலேயே தெரிந்தது, நீலப் பொலித்தீன் பை, சுருண்டு, முழுசாக. பக்கத்தில் மிக்சர் பக்கற்றின் மினுங்கல் துண்டு. ஈ மொய்த்தது. நாற்றம் ஜீப்புக்குள் வந்து எங்களோடு இருந்துகொண்டது.

"இங்க டெய்லி இப்படித்தாங்க ஐயா" என்றார் சாரதி. "காட்டுக்குள்ள இதுங்க இப்ப மேயப் போறதே இல்ல. வேலியோரம்தான் பொழப்பு."

"ஒருத்தரும் தடுக்கிறேல்லையோ?"

"போர்டு போட்டிருக்குல்ல?" என்று சிரித்தார். "அதுக்குக் கீழதாங்க எங்க வீட்டம்மா பழக்கடை வச்சிருக்கு."

போர்டு இருந்ததுதான். விலங்குகளுக்கு உணவு கொடுக்க வேண்டாம் என்று மூன்று மொழியில் எழுதி, அதில் பழக்கடையின் கூரையைக் கட்டியிருந்தார்கள். சாரதியில் எனக்குக் கோபம் வரவில்லை. கேட்கிறவன் இருந்தால் விற்கிறவன் இருப்பான். அதைக் குறைசொல்ல நான் ஆள் இல்லை. எனக்கு அருவருத்தது வேலியைப் பார்த்தபோதுதான். மின்கம்பிக்கு அந்தப் பக்கம் யானைகள் சங்கக்கடை அரிசி வரிசையில் நிற்பதுபோல் நின்றன. தும்பிக்கையை நீட்டியபடி. வாகனம் வேகம் குறைந்தால் தலையை ஆட்டின. உன் லொறியை மறித்துக்கொண்டு முதுகு தேய்த்த அந்தத் திமிர் ஒன்றிடமும் இல்லை. காதோரம் கிழிந்த பெரிய ஆண் ஒன்று மற்றவற்றை இடித்துத் தள்ளி முன்னுக்கு வந்தது. அதற்கு அங்கே கங்காணி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் லொறி நிற்க, பின்னால் ஒரு பஸ்ஸும் நின்றது. கதிர்காம யாத்திரை, எங்கள் பக்கத்துச் சனம். பேச்சைக் கேட்டால் தெரியாதா! பெண்கள் இறங்கிச் செருப்பைக் கழற்றினார்கள். தெருவில் தேங்காய் உடைத்தார்கள். கற்பூரம் கொளுத்தினார்கள். ஒரு மனுசி கங்காணியை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டு, "பிள்ளையாரப்பா, என்ரை பேத்திக்கு இந்த முறை எண்டாலும் விசா சரிவரவேணும்" என்று சத்தமாகவே கேட்டாள். எங்கள் குடாநாட்டில் காட்டு யானை இல்லை. யானை என்றால் எங்களுக்குத் திருவிழாவில் நெற்றிப்பட்டம் கட்டி நிற்கிறது, அல்லது மூலஸ்தானத்தில் இருக்கிறது. அந்தப் பழக்கத்தோடு காட்டுக்கும் போய்விடுகிறோம்.

உன் மகன் அப்போதுதான் லொறியிலிருந்து ஒரு சுருளை எடுத்தான். விரித்தான். ரப்பர் துணியில் அச்சடித்த பெரிய பதாகை. அமரர் என்று மேலே. அதற்குக் கீழே நீ. அவன் கலியாணத்துக்கு நீ வாழ்க்கையில் ஒரே ஒருமுறை கோட் போட்டு, கழுத்துப்பட்டி இறுக்குது என்று புறுபுறுத்துவிட்டுச் சிரித்து எடுத்த படம். உனக்குப் பின்னால் ஒரு நீர்வீழ்ச்சியையும் ஒட்டியிருந்தார்கள். மருதனார்மடச் சந்தியில் இறந்தவர்களின் நோட்டீஸ் ஒட்டிய மதிலைக் கடக்கும்போதெல்லாம் நீ சொல்வாயே, "நான் செத்தால் என்ரை மூஞ்சையை மதிலிலை ஒட்டிப்போடாதேங்கோ, காகம் பீச்சிப்போடும்" என்று. காகத்தோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

"தம்பி, உதை லொறிக்குள்ளேயே வை. அப்பருக்கு உது பிடிக்காது."

"படத்திலை அப்பாவும் யானையும் ஒண்டா வரவேணும் மாமா. கனடாவிலை எல்லாரும் நித்திரை முழிச்சு லைவ்விலை பாத்துக்கொண்டிருக்கினம்."

வேலிக்கு இந்தப் பக்கம் இரண்டு தடி நட்டுப் பதாகையைக் கட்டினான். யானை படத்துக்குள் வரவேண்டும் என்பதற்காக அதன் மேல்விளிம்பில், உன் தலைக்கு நேரே, வாழைக்குலை ஒன்றையும் சேர்த்துக் கட்டினான். அந்தத் துணி வழி முழுக்க வெடித்த பலாப்பழத்தோடு கிடந்து சாறு ஊறியிருந்தது. எனக்கே அது மணத்தது. யானைக்கு மணக்காதா?

பூசணியை உருட்டினார்கள். யானைகள் ஒன்றையொன்று மோதின. குட்டி ஒன்று கம்பியில் பட்டுக் கத்தியது, சனம் கைதட்டியது. கங்காணி பூசணியைப் பார்க்கவே இல்லை. கம்பிக்கு மேலால் தும்பிக்கையை நீட்டி உன் தலைக்கு மேல் இருந்த குலையைச் சுற்றியது. இழுத்தது. குலை வந்தது, தடி வந்தது, நீயும் வந்தாய்.

நான் ஓடிப்போய் பதாகையின் மற்ற முனையைப் பிடித்தேன். என்ன துணிவில் பிடித்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. உன் மகன், "விடுங்கோ மாமா! இழுத்துப்போடும்! விடுங்கோ!" என்று என் இடுப்பைப் பிடித்தான். நான் விடவில்லை. துணிதான் விட்டது. கிழிந்தது. என் கையில் வந்தது நீர்வீழ்ச்சியின் ஒரு துண்டு. உன்னை அது கொண்டுபோய்விட்டது.

பழத்தையும் துணியையும் அது பிரித்துப் பார்க்கவில்லை. மடித்து மடித்து வாய்க்குள் தள்ளியது. முதலில் உன் தோள் போனது. பிறகு கழுத்துப்பட்டி. முகம் கடைவாய்ப் பக்கம் கொஞ்ச நேரம் வெளியே தெரிந்தது, எச்சிலும் பழச்சாறும் வழிய, அதே சிரிப்போடு. மென்றது. ரப்பர் நெரிபடும் சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு அதுவும் போனது.

உன் மகன் வெளிறிப்போய் நின்றான். அந்த நேரம் அவன் உன் பிள்ளையாகத்தான் நின்றான். அப்போது விசா கேட்ட மனுசி கையைத் தலைக்கு மேல் குவித்து, "பிள்ளையார் ஏற்றுக்கொண்டிட்டார்! அந்தப் புண்ணியவானைத் தன்னோடை சேத்திட்டார்!" என்றாள். பஸ் முழுக்க அரோகரா சொன்னது. நான் உன் மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் போய், மெதுவாக ஒரு பெருமை வந்து அதில் உட்கார்ந்தது. போன் பிடித்துக்கொண்டு நின்ற மனைவியிடம் திரும்பி, "எல்லாம் வந்ததோ? அப்பா உள்ளை போனது வந்ததோ?" என்று கேட்டான்.

யானை துணி தின்றதை நான் மன்னிப்பேன். பசியைப் பழக்கிவிட்டவர்கள் நாங்கள். இந்தக் கேள்வியைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

வீடு வந்து சேருமுன்பே அந்த வீடியோவுக்குப் பக்திப் பாட்டும் போட்டுவிட்டார்கள். சந்தையில் ஆட்கள் என் கையைப் பிடித்து, "உங்கடை கூட்டாளிக்கு என்ன குடுப்பினை!" என்றார்கள். உன் மனிசி காலில் வருத்தம் என்று பயணத்துக்கு வரவில்லை அல்லவா? அவளுக்கும் அதைத்தான் காட்டியிருக்கிறார்கள். போனைச் சாமித்தட்டில் வைத்து விளக்குக் கொளுத்தினாளாம். நான் வாயைத் திறக்கவில்லை. துக்கத்துக்கு ஒரு மருந்து கிடைத்திருக்கிறது, அதை ஏன் தட்டிவிடவேண்டும் என்று இருந்தேன்.

இந்த வருடம் திவசத்துக்குக் கொஞ்சம் முந்தி உன் மகன் கனடாவிலிருந்து அழைத்தான். "மாமா, இனி ஒவ்வொரு வருசமும் அப்பாவுக்கு அங்கைதான். போன முறை படம் போட்ட பனர் சின்னனாப் போச்சு. இந்த முறை பெரிசா அடிப்பம். பிள்ளையார் எடுத்தால் எடுக்கட்டும்."

"எடுக்கிறதுக்கெண்டே அடிக்கப்போறியோ?"

"சனம் எதிர்பாக்குது மாமா."

நான் அந்த ஜீப் சாரதிக்கு அழைத்துக் கங்காணியை விசாரித்தேன். "அதுங்களா ஐயா? நீங்க வந்துட்டுப் போனப்புறம் சில நாளா ஒண்ணும் திங்காம வேலியோரம் சும்மா நின்னுச்சு. அப்புறம் காணோம். காட்டுக்குள்ள போயிருக்கும்" என்றார். பிறகு, "போயிருந்தா நல்லது" என்றார். அந்தப் பதாகைதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் சரக்கு உள்ளே போனது எனக்குத் தெரியும். வெளியே வந்ததை யாரும் பார்க்கவில்லை.

உன் மகனிடம் இதைச் சொன்னேன். என் கடையிலிருந்து ஒரு காய்கூடப் போகாது என்றும் சொன்னேன். "அப்ப வேறை ஆளிட்டை எடுக்கிறன்" என்றான். எடுப்பான், மச்சான். நான் இல்லையென்றால் சந்தையில் எத்தனை பேர்! சரக்கை மறித்து இதை நிறுத்த முடியாது என்று விளங்கியது. அன்று பின்னேரம் உன் வீட்டுக்குப் போனேன்.

உன் மனிசி முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். பக்திப் பாட்டு இல்லாமல், நடந்ததை நடந்தபடி சொன்னேன். கிழிந்த துண்டைச் சொன்னேன், கடைவாயைச் சொன்னேன், யானையைக் காணவில்லை என்பதையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள்.

"முழுங்கினதோ, மெண்டதோ?"

"மெண்டது."

இலைத் தட்டைத் தள்ளி வைத்தாள். "அவனைப் போனிலை பிடிச்சுத் தாங்கோ அண்ணை" என்றாள். அழைத்து, சத்தத்தைக் கூட்டி அவளிடம் கொடுத்தேன். உன் மகன், "என்னம்மா, சுகமோ?" என்று தொடங்கினான்.

"என்ரை மனிசனை ஒருக்கால் எரிச்சாச்சு. இனி யானைக்கு வாயிலை தீத்தாதை."

அவள் போனை என்னிடம் நீட்டிவிட்டுத் திரும்பவும் இலையை எடுத்தாள். இந்த வருடத் திவசம் உன் வீட்டில் நடந்தது. சாதாரணச் சமையல், சாதாரணச் சனம். நானும் ஒரு மூலையில் இருந்து சாப்பிட்டேன். காட்டுக்கு ஒன்றும் போகவில்லை.

உன் மகன் என்னோடு கதைப்பதில்லை. "அம்மாவின்ரை மனசைக் கெடுத்திட்டியள்" என்று ஒரு செய்தி மட்டும் அனுப்பியிருக்கிறான். அதை நான் தாங்குவேன். தாங்க முடியாதது, அந்த வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டிருப்பது. என்னை யாரென்று தெரியாத ஆட்களே கும்பிடு போட்டு எனக்கு அனுப்புகிறார்கள். நான் அழிக்கிறேன், பிறகும் வருகிறது. இப்போது உன்னை நினைத்தால் முதலில் அந்த வாய்தான் வருகிறது, மச்சான். அதற்குள்தான் நீ வருகிறாய், கோட்டோடு, சிரித்துக்கொண்டு.

அந்தக் கோட் போட்டவனை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவன் சவரம் செய்யாத முகத்தோடு ஸ்டியரிங்கில் நெஞ்சைச் சாய்த்துக்கொண்டு, என் லீக்ஸ் வாட வாட, பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தவன். உன் முகத்தை அந்த வாயிலிருந்து பிடுங்கி எடுக்கத்தான் இவ்வளவும் எழுதினேன். பாதி வந்திருக்கிறது. மற்றப் பாதியை இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறேன். விடமாட்டேன்.